பாக்கெட்டா, வீட்டில் பிசைந்ததா

கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்கிற மனுஷி என்று நான் பார்த்தது அவள் ஒருத்தியைத்தான். நாமெல்லாம் கேட்ட சூட்டோடு பதிலையும் நாமே சொல்லிக்கொண்டு போய்விடுவோம். "சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்பே" என்போம். அவள் அப்படி இல்லை. "சாப்ட்டியா டெய்லரு?" என்று கேட்பாள். நான் மெஷினில் தலையைக் கவிழ்த்தபடி "ம்" என்றால் அது அவள் கணக்கில் பதிலே இல்லை. தோளில் பையோடு அப்படியே நிற்பாள். நான் நிமிர்ந்து, "இன்னும் இல்ல தாயே" என்று உண்மையைச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.

உத்திரமேரூர் பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். கடைக்குப் பின்னால் ஒரு ஹால். அந்த ஹாலில்தான் அவள் சனிக்கிழமைதோறும் கேக் கிளாஸ் நடத்தினாள். வந்த பெண்களுக்கு அவள் "மிஸ்". எனக்கு "மிஸ்ஸு". அவளுக்கு நான் "டெய்லரு". பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரை ஏன் எழுதினே?" என்று கேட்டுவிட்டு எதிரில் வந்து நிற்பாள்.

அவளை நினைத்தால் முதலில் வருவது அந்த மினி பஸ் சமாச்சாரம். அவள் ஊர்க் காலனிக்கு ஸ்டாப் உண்டு. பலகைகூட உண்டு. ஆனால் பஸ் நிற்காது, தாண்டிப் போய் ஊருக்குள் அரசமரத்தடியில்தான் நிற்கும். எல்லோரும் நடந்துபோய் ஏறிப் பழகியிருந்தார்கள். அவளும் நடந்துபோய் ஏறினாள். ஏறி, கண்டக்டரிடம் கேட்டாள்.

"அங்க ஏன் நிறுத்தல?"

"டயம் இல்லம்மா. பின்னாலயே டவுன் பஸ் வருது."

அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். உத்திரமேரூர் வரைக்கும் நின்றாள், பக்கத்தில் சீட் காலியாக இருந்தும். மறுநாளும் அதே கேள்வி. ரோடு மோசம் என்றார். அதற்கும் அவள் தலையாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த மனுஷனுக்கு வேர்த்துவிட்டதாம். ஒருநாள் அவள் பலகைக்குக் கீழேயே நின்றாள், பஸ் நின்றது. அவள் நிற்கிற நாள்களில் மட்டும். இதை என்னிடம் அவள் சொல்லவில்லை. அந்தக் கண்டக்டரின் மனைவி பிளவுஸ் தைக்க வந்தபோது, "யாருங்க அந்த அம்மா, எங்க வூட்டுக்காருக்கு அத்தப் பாத்தாலே பேஜாரா கீதாம்" என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவள் கேக் கிளாஸ் நடத்தினால் எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் பெரிய பேக்கரி ஒன்றில் வேலை பார்த்தவள். கை சுத்தம், வேலை சுத்தம். ஆனால் "நல்லாருக்கா மிஸ்?" என்று ஒரு பெண் தன் கேக்கைக் காட்டினால், "உனக்கு எப்டி கீது?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு நின்றுவிடுவாள். பாவம், அந்தப் பெண் தன் கேக்கின் கோணலையெல்லாம் தானே ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பாள். நான் மெஷினிலிருந்து சிரிப்பேன். சிரிக்க முடிந்தது, ஃபாண்டன்ட் பாடம் வருகிற வரைக்கும்.

ஃபாண்டன்ட் என்றால் வேறொன்றும் இல்லை, சர்க்கரை மாவு. ஐசிங் சுகரில் கடல்பாசி காய்ச்சிய தண்ணீர், குளுக்கோஸ் பாகு, கொஞ்சம் டால்டா எல்லாம் விட்டுச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்து, பெரிதாக இட்டு, கேக்கின் மேல் போர்த்துவது. போர்த்தினால் கேக் பீங்கான் பாத்திரம் போல வழவழவென்று நிற்கும். பிசைந்ததை ஒரு ராத்திரி மூடி வைத்தால்தான் பதம் வரும். அதனால் முந்தின நாளே தன் வீட்டில் பிசைந்து, டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். கூடவே கடையில் விற்கிற ரெடிமேட் பாக்கெட் ஒன்றையும் வாங்கி வந்தாள். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது வூட்ல பண்ணது. இது பாக்கெட்டு. உங்களுக்கு எது வேணும்?"

கிளாசுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊர்ப்பக்கத்துப் பெண்கள். நெல் மண்டி வீடு, ரைஸ் மில் வீடு, பூச்சிமருந்துக் கடை வீடு. மண்டி வீட்டு மருமகள் கோமதிதான் அவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டு வந்தவள். நல்ல பெண். சிரித்த முகம். அவள் எதைச் சொன்னாலும் மற்றவர்களும் அதையே சொல்வார்கள். கோமதி பாக்கெட்டைத் தொட்டுக் காட்டினாள். எல்லாக் கையும் பாக்கெட்டுக்கே போயிற்று.

"ஏன்?" என்று கேட்டாள் மிஸ்.

எனக்கு மெஷினின் பெடலில் கால் நின்றுவிட்டது. எனக்குத் தெரியும் ஏன் என்று. அவளுக்கும் தெரியும். நானும் அவளும் காலனிக்காரிகள், வேறு வேறு ஊர்க் காலனி, அவ்வளவுதான் வித்தியாசம். என் ஹாலில் உட்காருவார்கள், என்னிடம் பிளவுஸ் தைப்பார்கள், என் கை பட்ட துணியை உடம்போடு ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். துணிக்குத் தீட்டு இல்லை பாருங்கள். வாயில் போடுகிற பொருளுக்குத்தான் எல்லாம்.

"வூட்ல பண்ணது கொஞ்சம் மஞ்சளா கீது மிஸ். பாக்கெட்டு வெள்ளையா கீது" என்றாள் பூச்சிமருந்துக் கடைப் பெண்.

மிஸ் தலையாட்டினாள். அடுத்த சனிக்கிழமை அவள் டப்பாவைத் திறந்தபோது மாவு பாக்கெட்டைவிட வெள்ளையாக இருந்தது. எது வேணும் என்றாள். பாக்கெட் என்றார்கள். ஏன் என்றாள்.

"நம்ம ஊர்ல ஏரிக் காத்து மிஸ். வூட்ல பண்ணா வேர்த்துடுமாம், யூடியூப்ல சொல்றாங்க."

அவள் இரண்டிலும் ஒவ்வொரு துண்டு இட்டு ஜன்னலோரம் வைத்தாள். அன்றைக்கு வானம் மூட்டம் போட்டிருந்தது. கிளாஸ் முடிவதற்குள் இரண்டும் வேர்த்தன. பாக்கெட்டும்தான். அவள் எல்லோரையும் கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டார்கள்.

அதற்கடுத்த வாரம், மாவு இறுகுவதற்குப் போடுகிற ஜெலட்டின் பேச்சு வந்தது. அது மாட்டெலும்பிலிருந்து எடுப்பதாமே, எங்கள் வீட்டில் சிலர் சைவம் என்றார்கள். அவள் தான் போட்ட கடல்பாசியின் உறையை எடுத்து, பச்சைப் புள்ளியைக் காட்டினாள். ஒவ்வொரு காரணமாக விழுந்துகொண்டே வந்தது. எல்லாம் விழுந்த பிறகு மிச்சம் இருக்கப்போவது என்ன என்று தெரிந்தவள் நான். அதை நோக்கித்தான் அவள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் கோமதிதான் சொன்னாள், சிரித்துக்கொண்டே. "என்ன இருந்தாலும் பாக்கெட்டுன்னா ஒரு சுத்தம் மிஸ்."

"இதுல எது சுத்தமில்ல?"

கோமதியின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோயிற்று. ஒரு பெண் மேஜை விரிப்பின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். மிஸ் கையைக் கட்டிக்கொள்ளவில்லை, முறைக்கவில்லை. சாதாரணமாக, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றாள். எனக்குத் தாங்கவில்லை. ஹாலுக்குள் போய்க் கத்திவிட்டேன்.

"அந்தப் பாக்கெட்ட பிசஞ்ச கை யாரோடது, எந்தூரு, எந்தத் தெருன்னு உங்க யாருக்காச்சும் தெரியுமா?"

மிஸ் என் பக்கம் திரும்பினாள். "டெய்லரு, நான் உன்னக் கேக்கல."

அவ்வளவுதான். என் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு பிளவுஸின் கையை உள்வெளி மாற்றித் தைத்துவிட்டேன். "அப்டியெல்லாம் இல்ல மிஸ், பொதுவா சொன்னேன்" என்று கோமதி முணுமுணுத்தாள். சரி என்று மிஸ் பாடத்துக்குப் போய்விட்டாள். அவரவர் பாக்கெட் வாங்கி வரட்டும், தான் செய்து காட்டுகிற கேக்குக்கு மட்டும் தன் மாவு என்று முடிவாயிற்று.

அவள் தன் கேக்கைப் போர்த்திக் காட்டுவாள். ஓரத்தை வெட்டிவிட்டு, மிஞ்சிய துண்டுகளை ஒரு தட்டில் போட்டு, "ருசி பாத்தாத்தான் பதம் தெரியும்" என்று நீட்டுவாள். எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். யாரும் வாயில் போட மாட்டார்கள். "வூட்ல புள்ளைக்கு எடுத்துக்கினு போறேன் மிஸ்" என்று டிஷ்யூ பேப்பரில் மடித்துக்கொள்வார்கள். ஒருநாள் வெட்டுத்துணி போடும் கூடையைச் சுற்றி எறும்பு சாரையாக ஊர்ந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். துணித் துணுக்குகளுக்கு அடியில் டிஷ்யூ உருண்டைகள், மடித்தது மடித்தபடி.

அவளுக்குத் தெரியக்கூடாது என்று அள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவள் துடைப்பத்தோடு எதிரில் நின்றாள்.

"குடு. நான்தான எப்பவும் கூட்றேன்."

ஆமாம். கிளாஸ் முடிந்ததும், "நான் கூட்டிடறேன் டெய்லரு, நீ வேலையப் பாரு" என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்வாள். எனக்கு உதவி செய்கிறாள் என்று நினைத்திருந்தேன். இத்தனை வாரமும் தான் பிசைந்ததைத் தானே கூட்டி அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

"உனக்கு இன்னா தலையெழுத்தா? நீயும் பாக்கெட்டு வாங்கிட்டு வாய மூடிக்கினு நடத்தேன். கோமதி கோச்சிக்கினு நின்னுட்டான்னா ஒருத்தியும் வரமாட்டா. கிளாஸ இழுத்துச் சாத்திட்டு இன்னா பண்ணுவே?"

"பாக்கெட்டு வாங்கிட்டா, அப்புறம் நான் அவங்களுக்கு இன்னாத்தக் கத்துக் குடுக்கறேன்?"

கேட்டுவிட்டு, துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். "போடி" என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கோமதியின் பெண் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மண்டபம் எடுத்திருந்தார்கள். கேக்கைத் தானே செய்யப்போவதாகக் கோமதி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். மாமியார் வாலாஜாபாத்தில் கடையில் ஆர்டர் கொடுக்கலாம் என்றதற்கு, வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தாள். பிறந்தநாளும் சனிக்கிழமையே. காலையில் எங்கள் ஹாலில் வைத்துப் போர்த்திவிட்டு, சாயங்காலம் மண்டபத்துக்கு எடுத்துப்போவது ஏற்பாடு.

கோமதி பாக்கெட்டைப் பிரித்தாள். பிசைந்தாள். இட்டாள். தூக்கிப் போர்த்தினாள். கேக்கின் விளிம்பில் மடங்கிய இடமெல்லாம் வறண்ட ஏரி போலப் பாளம் பாளமாக வெடித்தது. உரித்துவிட்டு மறுபடி பிசைந்தாள். மறுபடி வெடித்தது. மற்றவர்களின் பாக்கெட்டுகளையும் வாங்கிப் பார்த்தாள். எல்லாம் சேர்ந்தாற்போல ஒரே இடத்தில் வாங்கிய பழைய சரக்கு. டால்டா தடவினாலும் தேறவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரம் போய் வாங்கி வர நேரம் இல்லை. மேஜையின் அந்தக் கோடியில் மிஸ்ஸின் டப்பா மூடியபடி இருந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மிஸ் எதையும் பார்க்காமல் தன் உருட்டுக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுக்கிறேன் என்று சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"மிஸ், உங்களுது குடுங்க மிஸ்."

மிஸ் டப்பாவை நகர்த்தினாள். கோமதி மூடியில் கையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வூட்ல கேட்டா பாக்கெட்டுன்னே சொல்லிக்கறேன் மிஸ். சரிங்களா?"

"ஏன்?"

"உங்களுக்கே தெரியும் மிஸ்."

"எனக்குத் தெரியும். நீ சொல்லு."

நான் ஹால் வாசலில் நின்றிருந்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கோமதி இப்போது எழுந்து போய்விட்டால் கூடவே எல்லோரும் எழுந்துவிடுவார்கள், கிளாஸ் அத்தோடு சரி. 'விட்டுடுடி, இந்த ஒரு தடவை விட்டுடு' என்று மனசுக்குள் அவளைக் கெஞ்சினேன். அவள் விடவில்லை. கோமதியின் கண் நிறைந்து, வழிந்து, மூக்கு சிவந்து, அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது.

"உங்க வூட்ல பண்ணதுன்னா எங்க அத்த தொடமாட்டாங்க மிஸ். காலனி வூடுன்னு."

"ம்" என்றாள் மிஸ். எத்தனையோ வாரமாகக் காத்திருந்த பதில். அது வந்தபோது அவள் முகம் சந்தோஷப்படவும் இல்லை, வாடவும் இல்லை. டப்பாவைத் தானே திறந்தாள்.

"உன் கேக்கு. வூட்ல இன்னா சொல்றதுன்னு நீ பாத்துக்க. என்னக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்."

இருவரும் சேர்ந்து பிசைந்தார்கள். இட்ட மாவுக்குக் கீழே இரண்டு பேரும் கையைக் கொடுத்துத் தூக்கி, கேக்கின் மேல் இறக்கினார்கள். ஒரு சுருக்கம் விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளாஸ் நடந்துகொண்டிருக்கும்போது கோமதியின் மாமியார் பிளவுஸ் துணியோடு கடைக்கு வந்தார். வாட்டசாட்டமான அம்மா, பேச்சும் பெரிசு. அளவு கொடுத்துக்கொண்டே ஹாலை எட்டிப் பார்த்தார். உள்ளேயே வந்துவிட்டார்.

"நீதாம்மா அந்த மிஸ்ஸா? கேக்கு மண்டபத்துல பேரு வாங்கிச்சி போ. மேல போத்தியிருந்தீங்களே வெள்ளையா, அதுதான் எல்லாரும் கேட்டாங்க. எந்தக் கடைப் பாக்கெட்டு அது? என் தம்பி பொண்ணு வளைகாப்புக்கு வேணும்."

கேள்வி மிஸ்ஸைப் பார்த்து வந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அவள் சொல்லவில்லை. கோமதியைப் பார்த்தாள். பார்த்தபடி நின்றாள். கோமதி கையிலிருந்த கத்தியை மேஜையில் வைத்தாள். வைத்த கத்தியை நேராக்கினாள்.

"அது பாக்கெட்டு இல்ல அத்த. மிஸ் அவங்க வூட்ல பிசஞ்சது. நீங்ககூட ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்டீங்க."

அந்த அம்மாவின் கை தன்னையறியாமல் வாய்க்குப் போய், பாதியில் நின்றது. முந்தானையைச் சரி செய்வதுபோல இறக்கிக்கொண்டார். கோமதியை விட்டுவிட்டு மிஸ்ஸிடம் பாய்ந்தார்.

"நீ ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா. கேட்டிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு நின்றாள். மண்டி வாசலில் லோடு ஆட்களையெல்லாம் அதட்டி ஓட்டுகிற அம்மாள், அந்த ஹாலின் நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பதில் சொல்லாமலே திரும்பி, என் மேஜையில் வைத்த பிளவுஸ் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "கோமதி, வா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத் துணிக்கும் தீட்டு வந்துவிட்டது. கோமதி தலையைக் குனிந்தபடி அவர் பின்னால் போனாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஒருத்தியும் வரவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். அவள் மட்டும் வழக்கம்போல எல்லோருக்கும் நாற்காலி போட்டாள். எல்லோருக்கும் உருட்டுக்கட்டை வைத்தாள். டப்பாவை நடுவில் வைத்தாள். "யாருக்குடி போட்றே?" என்று கத்தினேன். அவள் வாசலைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் அவளைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. இவள் இப்படியே நின்றுகொண்டிருப்பாளோ என்று தோன்றியது.

இப்போது அவள் இந்தப் பக்கத்தில் இல்லை. புருஷனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை கிடைத்துக் குடும்பமே போய்விட்டது. அந்த பஸ் இப்போது காலனி ஸ்டாப்பில் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் ஹாலை வாடகைக்குக் கேட்டு யார் வந்தாலும், எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் கண்ணில் வரும்.

அன்றைக்குக் கிளாஸ் நேரம் தாண்டி, நான் நாற்காலிகளை மடக்கலாம் என்று எழுந்தபோது கோமதி வந்தாள். தனியாக வந்தாள். நடந்தே வந்திருக்க வேண்டும், புடவைக் கரையெல்லாம் சேறு. ஹாலுக்குள் வந்து மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"ஏன் வந்தே?" என்றாள் மிஸ்.

கோமதி வாயைத் திறந்து மூடினாள். மிஸ் நின்றாள். நான் நாற்காலியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு கோமதி டப்பாவின் மூடியைத் திறந்தாள். உள்ளங்கை நிறைய ஒரு உருண்டை கிள்ளி எடுத்தாள். டிஷ்யூ பேப்பர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் உருண்டையை அப்படியே வாயில் போட்டாள். வெறும் சர்க்கரை மாவு அது, அவ்வளவை ஒரேயடியாக யாரும் தின்ன மாட்டார்கள். கன்னம் இரண்டும் உப்பி, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கண்ணில் தண்ணீரோடு மிஸ்ஸையே பார்த்துக்கொண்டு மென்றாள்.

அவள் விழுங்கி முடிக்கும்வரை மிஸ் காத்திருக்கவில்லை. மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவள் முதுகைத் தடவினாள்.

"மெள்ள, மெள்ள. போதும் கோமதி. டெய்லரு, தண்ணி எடுத்தா."

நான் என் சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கோமதி வாய் வைத்துக் குடித்தாள்.